காதுக்கு ஒரு நல்ல கதவு!

பஸ்ஸுக்கும் ஸ்டுடியோவுக்கும் ஒரே ஹெட்போன் போதுமா? போதும்... பார்த்து வாங்கினால்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பாதி சீட்டில் காலேஜ் பசங்கதான். எல்லார் காதிலும் ஏதோ ஒண்ணு மாட்டியிருக்கும். டிரைவர் தலைக்கு மேலே ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, பின் சீட்டுப் பெரியவரின் செல்போனில் இன்னொரு பாட்டு, நடுநடுவே ஹாரனின் தனி ஆவர்த்தனம். இத்தனையையும் மீறி நம்ம பாட்டு நமக்குக் கேட்கணுமே, என்ன செய்வோம்? வால்யூமை ஏத்துவோம். வேறென்ன!

அங்கேதான் பிரச்னை ஆரம்பிக்குது. ஒரு சின்னக் கணக்கு போடலாமா? பயப்படாதீங்க, ரொம்ப ஈஸி.

வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் பாட்டு கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே பாட்டை 90 டெசிபலில் கேட்டால்? வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! பத்து டெசிபல் கூடினதுக்கு முப்பத்தாறு மணி நேரம் அவுட். காரணம், டெசிபல் என்பது நம்ம மார்க் ஷீட் மாதிரி ஒவ்வொண்ணா ஏறுகிற அளவு இல்லை. மூணு டெசிபல் கூடினாலே ஒலியின் சக்தி இரட்டிப்பாகிவிடும். பத்து கூடினால் பத்து மடங்கு.

இப்போ நம்ம ரூட்டுக்கு வாங்க. திண்டிவனம், செஞ்சி வழியாகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை சுமார் 190 கி.மீ. பஸ்ஸில் எப்படியும் நாலரை மணி நேரம் ஆகும். வழி முழுக்க 90 டெசிபலில் கேட்டுக்கிட்டு வந்தால், கீழ்பென்னாத்தூர் பக்கம் வரும்போதே உங்கள் காதுக்கான ஒரு வார கோட்டா காலி! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பிப் போகும் பயணம் மொத்தமும் கடன் கணக்கு. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டவே முடியாது என்பதுதான் சோகம். உள்காதில் ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்பும் நுண்ணிய முடிச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம்தான். செத்துப்போனால் மறுபடி முளைக்காது. தலைமுடியாவது விக் வெச்சு சமாளிக்கலாம்!

'அப்போ பாட்டே கேட்கக் கூடாதா?' என்று சண்டைக்கு வராதீங்க. கேட்கலாம். ஆனா வெளிச்சத்தத்தை மீறி நம்ம பாட்டை ஏத்துறதை விட்டுட்டு, வெளிச்சத்தத்தை வெளியிலேயே நிறுத்தணும். அந்த வேலைக்குப் பொறந்ததுதான் 'க்ளோஸ்டு பேக்' ஹெட்போன்.

முதுகைப் பார்த்து வாங்கணும்!

ஹெட்போனின் காதுக் கிண்ணத்தைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்க. சல்லடை மாதிரி ஓட்டைகளோ வலையோ இருந்தால் அது 'ஓப்பன் பேக்'. 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி ஹெச்.டி.414 மாடலில் பிரபலமாக்கிய டிசைன் இது. காற்று உள்ளே வெளியே போய்வருவதால் சத்தம் அடைசலாக இல்லாமல், எதிரே கச்சேரி நடப்பது போல விசாலமாகக் கேட்கும். வீட்டில், தனி ரூமில், ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்க சூப்பர். பஸ்ஸில்? சுத்தமாகச் சரிப்படாது. ஊர்ச் சத்தமெல்லாம் உங்க காதுக்குள் வரும், உங்க பாட்டு மொத்தமும் பக்கத்து சீட்டுக்குப் போகும்.

முதுகு முழுசாக மூடியிருந்தால் அதுதான் 'க்ளோஸ்டு பேக்'. கிண்ணமும், காதைச் சுற்றி உட்காரும் மெத்தையும் சேர்ந்து ஒரு கதவு மாதிரி அடைச்சுடும். வெளியிலிருந்து வர்றதும் குறையும், உள்ளேயிருந்து போறதும் குறையும்.

இந்த ரெண்டாவது பாயின்ட்தான் ஸ்டுடியோக்காரங்களுக்கு உயிர். பாடகர் மைக் முன்னால் நிற்கிறார். இசை ஏற்கெனவே பதிவாகி இருக்கும். அதையும் தாளம் தப்பாமல் இருக்க 'டிக் டிக்' என்று அடிக்கும் க்ளிக் ட்ராக்கையும் ஹெட்போனில் கேட்டுக்கிட்டே பாடணும். ஹெட்போன் ஒழுகினால் அந்த 'டிக் டிக்' மைக்கில் ஏறிடும். உருகி உருகிப் பாடின சோக கீதத்துக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் ஓடுகிற மாதிரி இருக்கும்! அப்புறம் எந்த சாஃப்ட்வேரை வைத்தும் அதைச் சுத்தமாகத் துடைத்தெடுப்பது கஷ்டம்.

பயணம், ஸ்டுடியோ என்று ரெண்டு தேவையாகத் தெரிந்தாலும், கேட்பது ஒண்ணேதான்: நல்லா மூடுகிற கதவு. இந்தக் கார்த்திகை தீபத்துக்கு ஒரு பாட்டு போட்டு யூடியூபில் ஏத்தணும் என்று ஹாஸ்டல் ரூமில் கம்பளியைத் தொங்கவிட்டு ஸ்டுடியோ போட்டிருக்கும் பார்ட்டியா நீங்க? ஒரே செலவில் ரெண்டு வேலையும் முடியும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஹெட்போன் உங்க காதைத்தான் மூடும், மைக்கை மூடாது. ஜன்னலுக்கு வெளியே போகிற ஆட்டோவின் சத்தம் பதிவாகத்தான் செய்யும்!

போஸ் என்கிற நம்ம ஆளு

'நாய்ஸ் கேன்சலிங் வாங்கினா என்ன?' என்பது அடுத்த கேள்வி. இதுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கதை இருக்கு. வெள்ளைக்காரர் ஆட்சியில் போலீஸுக்குத் தப்பி அமெரிக்கா போன வங்காள விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ். எம்.ஐ.டி.யில் பேராசிரியர், போஸ் கம்பெனியின் நிறுவனரும் அவரே. 1978-ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போனபோது, அங்கே கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தாண்டி ஒண்ணுமே ரசிக்க முடியவில்லை. நாமாக இருந்தால் தூங்கியிருப்போம். மனுஷன் அங்கேயே உட்கார்ந்து, வெளிச்சத்தத்துக்கு நேர் எதிரான ஒலி அலையை உண்டாக்கி அதை அடக்குவது எப்படி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட், 2000-ல் பயணிகளுக்கான 'கொயட் கம்ஃபர்ட்' என்று அந்தக் கணக்கு கடைக்கு வந்தது.

இந்த டெக்னிக்குக்கு ஒரு குணம் உண்டு. 'ம்ம்ம்ம்' என்று ஒரே சீராக வரும் இன்ஜின் உறுமலை அழகாக அடக்கிவிடும். திடீரென்று அலறும் ஹாரன், குழந்தை அழுகை, பேச்சுக்குரல் இவற்றிடம் அவ்வளவாகப் பருப்பு வேகாது. சாதாரண க்ளோஸ்டு பேக் இதுக்கு நேர் உல்டா. கீச்சென்ற சத்தங்களை நல்லா அடைக்கும், அடித்தொண்டை உறுமலைக் கொஞ்சம் உள்ளே விடும்.

பஸ், ரயில், விமானம் என்று பயணத்துக்கு மட்டும் என்றால் நாய்ஸ் கேன்சலிங் ஓ.கே. ஆனால் பதிவு பண்ணணும் என்றால் ப்ளூடூத்தை மறந்துடுங்க. போனிலிருந்து காதுக்கு வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கோ, அதுக்கு மேலேயோ தாமதமாகும். பாட்டு கேட்க இது உறுத்தாது. பாடும்போது உங்க குரலே உங்களுக்குப் பின்னால் ஓடிவரும். தாளம் டான்ஸ் ஆடிடும்! ஸ்டுடியோவுக்கு ஒயர்தான் ராஜா. தவிர, பட்ஜெட் சின்னது என்றால் ஒயர் ஹெட்போனில்தான் காசு ஒலிக்குப் போகும். ஒயர்லெஸ்ஸில் பேட்டரி, சிப் என்று பங்கு பிரிஞ்சிடும்.

கடையில் செய்ய வேண்டிய 5 சோதனை

1. பாட்டே போடாமல் முதலில் சும்மா தலையில் மாட்டுங்க. கடைக்காரர் பேச்சு எவ்வளவு அடங்குது? கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்கணும். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டால் கதவு திறந்த மாதிரிதான், முதலில் போறது பேஸ். கம்மல், ஜிமிக்கி போட்டவர்களுக்கும் இதே விதி.

2. ஒழுகுதா என்று பாருங்க. செல்போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி வாய்க்கு நேரே பிடிச்சுக்குங்க. ஹெட்போனில், நண்பனின் போனிலிருந்து மெட்ரோநோம் ஆப் ஓடட்டும். அரை நிமிஷம் பேசாமல் இருங்க. பதிவைப் போட்டுக் கேளுங்க. 'டிக் டிக்' கேட்டால் ஸ்டுடியோவுக்கு ஆகாது. காசு செலவில்லாத சோதனை இது!

3. 'ஓம்' எண்ணைக் கேளுங்க. ஆன்மிகம் இல்லை, இம்பீடன்ஸ்! 80 ஓமுக்குள் இருப்பவை பெரும்பாலும் செல்போனிலேயே போதுமான சத்தம் தரும். 250 ஓம் மாடல்களுக்குத் தனி ஆம்ப்ளிஃபயரோ நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸோ வேணும்.

4. கழற்றி மாட்டும் ஒயரா, மெத்தை தனியாகக் கிடைக்குமா? முதலில் சாகிறது இந்த ரெண்டும்தான். நம்ம ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ரெக்ஸின் மெத்தை உரிஞ்சு சட்டைக் காலரில் கறுப்புத் தூளாகக் கொட்டும். உரிஞ்ச மெத்தை அடைக்காது. 3.5 மி.மீ. பின், இன்டர்ஃபேஸுக்கான 6.35 மி.மீ. அடாப்டர் ரெண்டும் இருக்கா என்றும் பாருங்க. ஹெட்போன் ஜாக் இல்லாத போன் என்றால் டைப்-சி டாங்கிள் ஒண்ணும் சேர்த்து வாங்கணும்.

5. கடைசியாகத்தான் பாட்டு. நீங்க நூறு தடவை கேட்ட பாட்டாக இருக்கட்டும். ஐடியா வேணுமா? மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் நம்ம அண்ணாமலைதான் என்பார்கள். அந்தத் திருவாசகத்தை இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு 2005-ல் ஆல்பமாகத் தந்தாரே, அதைப் போடுங்க. கோரஸ் குரல்களும் வயலின் கூட்டமும் ஒண்ணுக்குள் ஒண்ணு குழம்பாமல் தனித்தனியாகக் கேட்குதா? தனிக் குரல் முன்னால் நிற்குதா? கேட்டால் பாஸ் மார்க். வெறும் 'டம் டம்' மட்டும் பெரிசாக வந்தால் கீழே வெச்சுட்டு வெளியே வாங்க.

மூணு பேர், மூணு குணம்

உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் அடிக்கடி தட்டுப்படும் மூணு மாடல்களை அளவுகோலாக வெச்சுக்கலாம். இதையேதான் வாங்கணும் என்று இல்லை. வேறு எதை வாங்கினாலும் இதுங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சோனி எம்.டி.ஆர்-7506: 1991-லிருந்து மாறாமல் வரும் பழைய புலி. 230 கிராம், 63 ஓம், மடிச்சு வைக்கலாம். தப்புகளைப் பூதக்கண்ணாடி வெச்சுக் காட்டும். சுருள் ஒயரைக் கழற்ற முடியாது என்பதால் பஸ்ஸில் மடியில் பாம்பு மாதிரி கிடக்கும்.

ஆடியோ டெக்னிக்கா ஏ.டி.ஹெச்-எம்50எக்ஸ்: 2014-ல் வந்தது. 285 கிராம், 38 ஓம். மடிக்கலாம், ஒயரைக் கழற்றலாம். பயணத்துக்கு 1.2 மீட்டர் ஒயர், ஸ்டுடியோவுக்கு 3 மீட்டர் ஒயர் என்று மாத்திக்கலாம். ரெண்டு வேலைக்கும் ஒண்ணு என்றால் இந்த அமைப்புதான் வசதி.

பேயர்டைனமிக் டி.டி.770 புரோ: வெல்வெட் மெத்தை, மணிக்கணக்கில் போட்டாலும் காது நோகாது. 32, 80, 250 ஓம் என்று வகைகள் உண்டு, பார்த்து வாங்கணும். மடியாது என்பதால் பயணத்துக்கு பேக்கில் தனி இடம் கேட்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, பாதி விலைக்குக் கிடைக்குதே என்று பாயாதீங்க. பிரபல மாடல்களுக்கெல்லாம் டூப்ளிகேட் உலாவுது. பில்லும் வாரன்டி கார்டும் இல்லாமல் வெளியே வராதீங்க. வாங்கினதும் இன்னொரு விஷயம்: பாட்டைப் பதிவு பண்ண க்ளோஸ்டு பேக் சரி, ஆனால் மிக்ஸிங்கை இதை மட்டும் நம்பி முடிக்காதீங்க. மூடிய கிண்ணத்துக்குள் பேஸ் கொஞ்சம் ஊதிக் காட்டும். ஸ்பீக்கரிலும் ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டு முடிங்க.

கழற்ற வேண்டிய இடம்

கதவு நல்ல கதவு என்றால் ஆபத்தும் அதேதான். பின்னால் வரும் லாரியையும் அது அடைச்சுடும். கிரிவலப் பாதை 14 கி.மீ. பௌர்ணமி ராத்திரியில் மனுஷத் தலைகளாகத் தெரியும் அதே ரோட்டில் மத்த நாளில் ஆட்டோ, பைக் எல்லாம் ஓடுது. பாட்டு கேட்டுக்கிட்டு நடக்கணும் என்று ஆசையா? கிண்ணம் கழுத்தில் இருக்கட்டும். தண்டவாளத்தைக் கடக்கும்போது, பைக் ஓட்டும்போது பேச்சே கிடையாது, பேக்குக்குள் வெச்சுடுங்க. காதில் பாட்டு ஓடியதால் ரயில் சத்தம் கேட்காமல் போன உயிர்களைப் பற்றிப் பேப்பரில் எத்தனை தடவை படிச்சிருப்போம்!

உட்கார்ந்த இடத்தில், பத்திரமான இடத்தில் போட்டுக்குங்க. வால்யூம் 60 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம். மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் கழற்றி வையுங்க. ஹெட்போனைக் கழற்றின பிறகும் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு கோடு ஓடினால், அடுத்த நாளும் அது போகவில்லை என்றால், காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்க. கூச்சப்பட ஒண்ணுமில்லை.

நல்லதைத்தான் வாங்கியிருக்கோமா என்று எப்படித் தெரிஞ்சுக்கறது? பேஸ் எப்படி இருக்கு என்று நண்பர்களைக் கேட்க வேண்டாம். ஒரு மாசம் கழிச்சு, அதே பஸ்ஸில் அதே பாட்டுக்கு நீங்க வைக்கிற வால்யூமைப் பாருங்க. முன்னைவிட நாலு கோடு குறைஞ்சிருந்தால், கொடுத்த காசு வசூல்!