படித்துப் பார்த்த பிறகே அழியுங்கள்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் உறவினர்கள் கணினிப் பழுதுக்கு வேறு ஆள் தேடமாட்டார்கள். எந்தத் துறையில் படிக்கிறான் என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டல்ல. 2005-ஆம் ஆண்டு விடுமுறையில் எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் என் தாத்தா.

தேக்கா சந்தைக்குப் பின்புறம் பஃப்ளோ சாலையில் உள்ள வீவக அடுக்குமாடியில் தாத்தா குடியிருந்தார். பதினான்கு வயதில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, கேம்பல் லேனில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1982-இல் இப்போதைய கட்டடத்திற்கு மாறுவதற்கு முன்பு, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த பழைய தேக்கா சந்தையை நன்கு அறிந்தவர். அங்கு யார் எந்தக் கடை வைத்திருந்தார்கள், ஆட்டிறைச்சி என்ன விலை விற்றது, மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒழுகும் என்பதையெல்லாம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நூற்று நாற்பது பக்கம் தமிழில் எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் மின்சாரம் தடைப்பட்டது. அதன் பிறகு கணினி தொடங்கவே இல்லை.

“கவலைப்படாதீங்க தாத்தா. எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டுப் புதுசா போட்டுத் தரேன்” என்றேன். அந்த வாக்கை என்னால் பாதிதான் காப்பாற்ற முடிந்தது. என் தவறு உங்களுக்குப் பயன்படட்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணினி தொடங்காவிட்டால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல

முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்வோம். இயங்குதளம் வேறு, வன்தட்டில் உள்ள உங்கள் கோப்புகள் வேறு. வாசல் கதவின் பூட்டு கெட்டுப்போனால் வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள் எங்கும் போய்விடுவதில்லை. வேறொரு கதவு வழியாக உள்ளே நுழைந்து அவற்றை எடுத்துவிடலாம்.

அந்த வேறு கதவுதான் நேரடி லினக்ஸ். 2005-இல் நான் பயன்படுத்தியது ஒரு குறுவட்டில் அடங்கிய நாப்பிக்ஸ். இன்று உபுண்டு அல்லது மின்ட் லினக்ஸை ஒரு தம்ப் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் அதைத் தயாரித்து, பழுதான கணினியில் செருகி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கச் செய்ய வேண்டும். உபுண்டுவானால் திரையில் ‘நிறுவு’, ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற பொருளில் இரண்டு வாய்ப்புகள் வரும். இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் காப்பாற்ற வந்தவரே அழித்தவர் ஆகிவிடுவார். அதன் பிறகு வன்தட்டைத் திறந்து, கோப்புகளை வெளிப்புற வன்தட்டு ஒன்றில் படியெடுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது இயங்குதளக் கோளாறு அன்று, தட்டே தேய்ந்து சாகும் அறிகுறி. அதைத் தரவு மீட்பு வல்லுநரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்து, இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டுக்கு 48 இலக்க மீட்பு எண் உண்டு. அது இல்லாமல் லினக்ஸாலும் உள்ளே நுழைய முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எதையெல்லாம் எடுப்பது?

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். ‘மை டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையை மட்டும் படியெடுத்தேன். தாத்தாவின் நூற்று நாற்பது பக்கமும் அதில் இருந்ததால் வேலை முடிந்தது என்று எண்ணினேன். வன்தட்டைத் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன்.

மறுநாள் தாத்தா கேட்டார்: “தம்பி கடுதாசி எல்லாம் எங்கடா?”

தஞ்சாவூரில் இருந்த தம் தம்பியிடமிருந்து ஐந்தாண்டுகளாக வந்த மின்னஞ்சல்கள் அவை. தம்பியின் மகன் தட்டச்சு செய்து அனுப்புவான். அந்த மின்னஞ்சல் மென்பொருள் தன் கடிதங்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்புறையில் வைத்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை. வெறுமனே அழித்திருந்தால் மீட்பு மென்பொருள் எதையாவது தேடித் தந்திருக்கக்கூடும். நான் அதன் மேலேயே புதிய இயங்குதளத்தை எழுதிவிட்டேன். சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி இறங்கிக் கேட்டும் பயனில்லை. கடிதங்கள் போனது போனதுதான். தம்பி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார்.

ஆகவே கோப்புகளைப் பொறுக்கி எடுக்காதீர்கள். விண்டோஸில் ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினியானால் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்பதற்குள் இருக்கும். அதை முழுவதுமாக எடுங்கள். முகப்புத் திரையில் போட்டு வைத்தவை, பதிவிறக்கங்கள், உலாவியின் குறிப்புகள், மின்னஞ்சல் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்கும். சிலர் சி டிரைவின் முதல் தளத்திலேயே கோப்புகளைப் போட்டு வைப்பார்கள், அங்கும் பாருங்கள். மேகச் சேமிப்பைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல்: கோப்பின் பெயர் மட்டும் கணினியில் தெரியும், உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும். அவற்றை அந்தக் கணக்கிற்குள் சென்று சரிபார்க்க வேண்டும்.

தமிழருக்கு உள்ள தலைவலி

கடிதங்கள் போனதைச் சொல்லிவிட்டு, “எழுதினது பத்திரமா இருக்கு” என்று தாத்தாவின் கோப்பைத் திறந்து காட்டினேன். திரையில் தமிழே இல்லை. தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் பவுண்டுக் குறிகளும் நிறைந்திருந்தன. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

காரணம் இதுதான். கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைக் குறியாக்கம் என்கிறோம். அந்நாளில் தமிழுக்கு ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. ஒவ்வொன்றும் தனக்குரிய எழுத்துருவோடுதான் உயிர் வாழும். எழுத்துரு போனால் எண்கள் மிஞ்சும், தமிழ் மிஞ்சாது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே அமர்ந்திருப்பதால், எழுத்துரு இல்லாதபோது பொருளற்ற ஆங்கிலம்தான் தெரியும். எழுத்துருக்கள் இருப்பதோ ‘விண்டோஸ்’ கோப்புறைக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில். இயங்குதளத்தோடு சேர்த்து நான் துடைத்தெறிந்தது அதைத்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்ற வரலாற்றில் நம் ஊருக்கும் பங்குண்டு. இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர், சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது. 1999-இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை ஏற்றது. மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து உருவானது டிஸ்கி. 2000-இல் சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு உருவானது. அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000, யூனிகோடு தமிழையும் லதா எழுத்துருவையும் தன்னோடு கொண்டு வந்தது. யூனிகோட்டில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனி இடம் இருப்பதால் எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசும் அதைத் தரமாக ஏற்றது. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்டவை பழைய குறியாக்கங்களிலேயே பல வீட்டு வன்தட்டுகளில் இன்னும் உறங்குகின்றன.

தாத்தாவின் கோப்பை வேர்டில் திறந்தபோது, எழுத்துருப் பெட்டியில் காணாமற்போன எழுத்துருவின் பெயர் மட்டும் தெரிந்தது. அதைத் தமக்குக் கொடுத்தவர் ஈசூனில் இருக்கும் பழைய நண்பர் என்றார் தாத்தா. மறுநாள் எம்ஆர்டி ஏறினேன். அவர் அலமாரியைக் கிளறி ஒரு நெகிழ்வட்டை எடுத்துத் தந்தார். எழுத்துருவை நிறுவிய மறுநொடியே கொம்பும் வாலும் உதிர்ந்து தேக்கா சந்தை எழுந்து நின்றது. தாத்தா ஒன்றும் பேசவில்லை. முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

பின்னாளில் ஒரு மாற்றி மென்பொருளால் எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றினேன். என்எச்எம், பொங்கு தமிழ் போன்றவை இதற்கென்றே உருவானவை. பழைய குறியாக்கங்கள் பலவற்றில் ‘கொ’ என்ற எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாக இருக்கும். யூனிகோட்டில் ககரம் முதலில் வந்து உயிர்க்குறி பிறகு வரும். மாற்றும்போது இவை இடம் மாறிப்போவதுண்டு. எனவே மாற்றிய பிறகு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படியுங்கள். மூலக் கோப்பையும் எழுத்துருவையும் தூக்கி எறியாதீர்கள்.

வேறு கணினியில் திறந்து பாருங்கள்

இன்று யோசித்தால், ஒரே ஒரு செயல் என் இரண்டு தவறுகளையும் தடுத்திருக்கும். அழிப்பதற்கு முன், படியெடுத்த வன்தட்டை வேறொரு கணினியில் செருகி, கோப்புகளின் சொந்தக்காரரையே உட்கார வைத்துத் திறந்து பார்த்திருக்க வேண்டும். எழுத்துரு இல்லாதது உடனே தெரிந்திருக்கும். “கடுதாசி எங்கே?” என்று தாத்தாவும் அப்போதே கேட்டிருப்பார். படியெடுப்பது பாதி வேலை. படித்துப் பார்ப்பது மீதிப் பாதி.

அதோடு, ஒரு பிரதியோடு நிறுத்தாதீர்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது நல்ல கணக்கு. தமிழ்க் கோப்பானால் ஒரு பிடிஎஃப் படியும் அச்சுப் படியும் சேர்த்து வையுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதையொட்டி நம் வீடுகளிலும் பழைய கணினிகள் பலவற்றைத் துடைக்கிறார்கள் அல்லது கழிக்கிறார்கள். அடுத்த முறை உங்களை யாராவது அழைத்தால், கருவியைத் தொடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: “இதில் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள்? யாருடைய கடிதங்கள் இருக்கின்றன?”

தாத்தா 2011-இல் காலமானார். அவர் எழுதிய நூற்று நாற்பது பக்கமும் இன்று எங்கள் வீட்டில் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. அதில் ஓர் இடத்தில் தம் தம்பியின் கடிதம் ஒன்றைப் பற்றி எழுதிவிட்டு, ‘அதை இங்கே பிறகு சேர்க்க வேண்டும்’ என்று குறித்து வைத்திருக்கிறார். அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.