பிடிப்பதும் விடுவதும்

அறுபத்தாறாம் வயதில் நான் முதன்முறையாகக் கில்ட் அணிந்தேன். அணிந்த கையோடு முழங்காலளவு நீரில் இறங்கித் தூண்டிலும் வீசினேன். ஸ்காட்லாந்தின் வடமேற்கு ஓரத்தில் அசின்ட் என்னும் பகுதியில் உள்ள ஒரு சிறிய ஏரி அது. கரையில் அமர்ந்திருந்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிடித்த மீனைத் திரும்ப நீரிலேயே விடுவதென்றால், அதை எதற்காகப் பிடிக்க வேண்டும்?" முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவனால் அதற்கு உடனே விடை கூற இயலவில்லை.

என் மகளை மணந்தவர் ஸ்காட்லாந்துக்காரர். மதுரையில் நடந்த திருமணத்தில் சம்பந்தி எட்டு முழ வேட்டி கட்டி, அது அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்துடன் ஒரு கை இடுப்பிலேயே இருக்க, மூன்று மணி நேரம் மேடையில் நின்றார். அந்தக் கடனைத் தீர்க்கும் முறை இப்போது எனக்கு வந்தது. தமது பழைய கில்ட்டை எனக்குத் தந்து, மீன் பிடிக்க அழைத்துச் சென்றார்.

முழுக் கில்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ எட்டு கஜம் கம்பளித் துணி வேண்டும். நம் எட்டு முழ வேட்டியைப்போல இரு மடங்கு நீளம். முன்புறம் தட்டையாகவும், பின்புறம் முழுவதும் தைத்த கொசுவமாகவும் இருக்கும். முழங்காலோடு நின்றுவிடுவதால், ஆழம் குறைந்த நீரில் துணி நனையாமல் நடக்கலாம். நனைந்தாலும் கம்பளி வெதுவெதுப்பை இழப்பதில்லை. ஈரக் கால்சட்டையைப்போலக் காலில் ஒட்டிக்கொள்வதுமில்லை. சதுப்பும் ஓடையும் நிறைந்த மலைநாட்டுக்கு ஏற்ற உடை இது என்பதில் ஐயமில்லை. குறைகளும் உண்டு. காற்று நின்ற கோடை மாலைகளில் 'மிட்ஜ்' என்னும் கொசுவினும் சிறிய பூச்சிகள் வெற்றுக் கால்களை மொய்த்துவிடும். என்னைப்போன்ற புதியவர் பின்னோக்கி வீசும் தூண்டில் முள் நேராகச் சொந்தக் கொசுவத்தில்தான் சென்று மாட்டும். அன்று மூன்று முறை மாட்டியது.

இந்த மீன்பிடி முறைக்கு 'ஃப்ளை ஃபிஷிங்' என்று பெயர். புழுவோ இறைச்சித் துண்டோ இதில் இரையாவதில்லை. சிறு முள்ளில் இறகு, ரோமம், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியைப்போலத் தோன்றும் 'ஃப்ளை' ஒன்றைச் செய்கிறார்கள். சாதாரணத் தூண்டிலில் முள்ளோடு கட்டிய ஈயக் குண்டின் எடைதான் நூலை இழுத்துச் செல்லும். இங்கே முள்ளுக்கு எடையே இல்லை. எடை முழுவதும் தடித்த நூலில் இருக்கிறது. அந்த நூலைத் தலைக்கு மேல் பின்னும் முன்னும் வீசி, அதன் உந்துதலால் பூச்சியை நீர்ப்பரப்பில் மெல்ல இறக்க வேண்டும். கைவலிமையைவிடக் காலக்கணிப்பே முதன்மையானது. பின்புறம் மரங்கள் இருக்கும் ஆற்றங்கரைகளுக்காக, நூலைப் பின்னால் முழுதும் நீட்டாமலே வீசும் ஒரு முறையும் உண்டு. ஸ்பே ஆற்றின் பெயராலேயே அது உலகெங்கும் அறியப்படுகிறது.

இங்கே நமக்கு ஓர் உறவும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் சால்மன் ஃப்ளைகளில் பலவற்றுக்கு ஒரு குறிப்பிட்ட இறகு இன்றியமையாததாக இருந்தது. அது தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச் சேவலின் கழுத்திறகு. மெழுகு பூசியதுபோல மினுங்கும் அதன் புள்ளிகளை மீனின் கண்ணைப்போலப் பயன்படுத்தினர். நம் மலைக்காடுகளில் கூவிய பறவையின் இறகு ஸ்காட்லாந்து ஆறுகளில் மிதந்தது. பின்னர் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று அங்கே வளர்ப்புப் பறவைகளின் இறகையோ செயற்கை இறகையோ பயன்படுத்துகிறார்கள். சம்பந்தியின் பெட்டியில் அந்த இறகைக் கண்டபோது, காலனிய வணிகத்தின் கை எவ்வளவு சிறிய பொருள்வரை நீண்டிருந்தது என்று வியந்தேன்.

கில்ட்டும் தூண்டிலுமாக நிற்கும் கனவானின் படத்தை விஸ்கிப் புட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் பார்த்துப் பழகிய நாம், அதைத் தொன்றுதொட்டு வந்த மரபு என்று நம்பிவிடுகிறோம். வரலாறு அவ்வளவு எளிமையாக இல்லை. மலைநாட்டு மக்கள் பழங்காலத்தில் அணிந்தது, உடல் முழுவதையும் சுற்றி இடைவாரால் கட்டிய நீண்ட கம்பளித் துணி. இடுப்புக்குக் கீழே மட்டும் அணியும் குட்டைக் கில்ட்டை 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை அதிபரே என்று வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் வாதிட்டார். 1983-இல் வெளிவந்த 'மரபின் புனைவு' என்ற பொருள்படும் தொகுப்பு நூலில் அவரது கட்டுரை இடம்பெற்றது. அவர் கூற்றை மறுப்போரும் உண்டு.

மறுக்க முடியாதவை வேறு சில. 1746-இல் கலோடன் போரில் மலைநாட்டுக் குலங்கள் தோற்றபின், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவர்களது உடையையே தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மீண்டும் பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782-இல்தான் தடை நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வகுத்த ஏற்பாட்டின்படி மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். தண்டனைக்குரிய உடை நாற்பதே ஆண்டுகளில் அரச உடையாயிற்று.

அதே காலத்தில் மலைநாட்டில் வேறொன்று நடந்தது. கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால், நிலவுடைமையாளர்கள் குத்தகைக் குடிகளை அப்புறப்படுத்திவிட்டு ஆட்டு மந்தைகளைக் கொண்டுவந்தனர். அசின்ட் அடங்கிய சதர்லாண்ட் மாவட்டத்தில் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். சிலர் கடலோரப் பாறை நிலங்களில் ஒதுங்கினர். சிலர் கடல் கடந்தனர். பின்னர் ஆட்டுத் தொழில் நலிந்தபோது, அதே நிலங்கள் செல்வந்தர்களின் வேட்டைக்கும் தூண்டிலுக்கும் உரிய எஸ்டேட்டுகளாயின. உடைக்கு உரியவர்கள் வெளியேறினார்கள். உடை மட்டும் தங்கிவிட்டது.

இனி என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை நிலத்திலிருந்து தனித்த ஒரு சொத்து. அதை நிலமின்றியே வாங்கலாம், விற்கலாம், மரபுரிமையாகப் பெறலாம். ஆறு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு நாள் வாடகைக்கு விடப்படுகிறது. வலையில் பிடித்த சால்மனின் மதிப்பு அதன் இறைச்சி விலை மட்டுமே. அதே மீன் ஆற்றில் உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கைக்குத் தூண்டில்காரர் தரும் தொகை அதைவிடப் பல மடங்கு. இதனாலேயே தூண்டில்காரர்களிடம் நிதி திரட்டி, முகத்துவாரங்களில் இருந்த வலை உரிமைகளை விலைக்கு வாங்கி, வலைகளை நிறுத்தினார்கள். தெளிவான உரிமையும் பேரம் பேசும் வாய்ப்பும் இருந்தால், முரண்படும் தரப்பினர் தாங்களே தீர்வு காணக்கூடும் என்று பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில் தந்ததில்லை.

ஆனால், சந்தை மட்டும் போதவில்லை. 2002 முதல் தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது அங்கே தடை செய்யப்பட்டுள்ளது. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். 2016 முதல் ஆறுகள் தரம் பிரிக்கப்பட்டு, மீன்வளம் குன்றிய ஆறுகளில் பிடித்ததை விட்டுவிடுவது கட்டாயமாக்கப்பட்டது. இன்று பிடிபடும் சால்மன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மீண்டும் நீருக்கே செல்கின்றன. அப்படியும் 2023-இல் தூண்டிலில் சிக்கிய சால்மன்களின் எண்ணிக்கை, 1952-இல் கணக்கெடுப்பு தொடங்கிய பின் மிகக் குறைவானது. கடலுக்குச் செல்லும் இளம் மீன்களில் திரும்பி வருபவை குறைந்துவிட்டன. ஆற்று நீர் வெப்பமடைகிறது. மீன் பண்ணைகளிலிருந்து ஒட்டுண்ணிகள் பரவுகின்றன. டீ ஆற்றின் கிளைகளில் நிழலுக்காகவே மரம் நடுகிறார்கள். ஆற்றுக்குள் எத்தனை பேரம் பேசினாலும், கடலின் வெப்பத்தோடு பேரம் பேச முடியாதல்லவா?

நாங்கள் நின்ற ஏரியில் இருந்தது சால்மன் அன்று, பழுப்பு டிரவுட். அந்த ஏரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1993-இல் அசின்டின் வடபகுதியைச் சேர்ந்த சிறு குத்தகை விவசாயிகள் ஒன்றுசேர்ந்து, பொதுமக்களிடமும் நிதி திரட்டி, தாங்கள் குடியிருந்த சுமார் 21 ஆயிரம் ஏக்கர் எஸ்டேட்டை 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். ஸ்காட்லாந்தின் நிலச் சீர்திருத்த வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை. பத்தாண்டுகள் கழித்து, 2003-இல், ஊரக மக்கள் தங்கள் நிலத்தை வாங்குவதில் முன்னுரிமை பெறச் சட்டமே வந்தது. ஒரு காலத்தில் எஸ்டேட் காவலருக்கு அஞ்சி ஒளிந்து மீன் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அனுமதிச் சீட்டு விற்கிறார்கள். அந்தச் சிறு தொகையைக் கட்டித்தான் நானும் நீரில் இறங்கினேன்.

மாலையில் ஒரு டிரவுட் சிக்கியது. கால் கிலோ இருக்கலாம். அதை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. வைத்துக்கொள்வதும் விடுவதும் என் விருப்பம் என்றார் சம்பந்தி. கையை நனைத்து, முள்ளை மெல்ல எடுத்து, நீரோட்டத்தை நோக்கிச் சற்று நேரம் பிடித்திருந்தேன். ஒரு துள்ளலில் அது மறைந்தது. மீனுக்கு இது விளையாட்டு அன்று என்பதை நான் மறுக்கவில்லை. மனைவியின் கேள்வியில் அந்த நியாயமும் இருந்தது. அதற்கு என்னிடம் முழு விடை இன்றும் இல்லை.

ஆயினும் பாதி விடை கிடைத்தது. உரிமை மறுக்கப்பட்டவன் ஒளிந்து பிடிக்கிறான். உரிமையாளனே ஆனாலும், நாளை அது தன்னுடையதாக இருக்குமோ என்று ஐயுறுபவன் இன்றே அனைத்தையும் வாரிக்கொள்கிறான். நாளையும் இந்த நீர் நம் ஊருக்கு உரியது என்ற உறுதி உள்ளவனால்தான் கையில் கிடைத்ததை விட்டுவிட முடிகிறது. பொதுவளங்களை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் வலியுறுத்தியதும் ஏறத்தாழ இதுவே.

கில்ட் எவ்வளவு பழையது என்ற வாதம் தொடரட்டும். ஒரு மரபை அதன் வயதைக் கொண்டு மதிப்பதைவிட, அது யாரை உள்ளே சேர்க்கிறது, எதைக் காக்கச் சொல்கிறது என்று பார்த்து மதிப்பதே முறை. விடைபெறும்போது கில்ட்டைத் திருப்பித் தந்தேன்; சம்பந்தி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த முறை மதுரைக்கு வரும்போது வேட்டியை இடைவார் இன்றிக் கட்டிக் காட்டுவதாக மட்டும் உறுதி கூறினார்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (பணி நிறைவு).