நாலடிப் பாத்தியும் ஒரு குவார்ட் ஜாடியும்

கையளவு நிலம் – 9

1910-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் ஏக்கன் என்ற பருத்திச் சீமை. அங்கே கிராமப் பள்ளி ஆசிரியையாக இருந்த மேரி சாமுவெல்லா குரோமர், பையன்களுக்கென நடந்துவந்த மக்காச்சோளக் கழகங்களைப் பற்றி ஆசிரியர் கூட்டமொன்றில் கேட்டறிந்தார். பெண் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஊர் திரும்பியதும் வேலையில் இறங்கினார். ஒவ்வொரு சிறுமிக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் பத்து சென்ட் நிலம். பயிர், தக்காளி. நாற்று விடுவதிலிருந்து விற்றுக் காசாக்குவது வரை எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. பழமாக விற்றது போக மிஞ்சியதைத் தகர டப்பாவில் அடைத்து, சூடேற்றி, மூடி, வரவு செலவும் எழுதிக் காட்ட வேண்டும்.

முதல் ஆண்டில் பரிசு வென்ற சிறுமி தன் பத்து சென்டிலிருந்து அடைத்தெடுத்தவை 512 டப்பாக்கள். வின்த்ரோப் கல்லூரியில் படிப்பதற்கான உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் தக்காளிக் கழகங்கள் தென் மாநிலங்களெங்கும் பரவின. நிறப் பிரிவினை ஆண்ட காலம் அது. கறுப்பினச் சிறுமிகளுக்கு இந்தக் கழகங்களில் இடம் இல்லை; பிறகு அவர்களுக்கெனத் தனிக் கழகங்கள், குறைந்த பணத்தில், அவர்கள் இனத்தைச் சேர்ந்த பயிற்றுநர்களால் தொடங்கப்பட்டன. 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம், பல்கலைக்கழக வேளாண் அறிவை வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்லும் விரிவாக்கப் பணியை நாடு முழுவதும் நிலைநிறுத்தியது. பெண் பயிற்றுநர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

அவர்கள் விளைப்பதையும் அடைப்பதையும் இரண்டு பாடங்களாகப் பிரிக்கவில்லை. இன்று பாத்தியைப் பற்றி ஒரு புத்தகம், ஜாடியைப் பற்றி வேறொரு புத்தகம் என்று ஆகிவிட்டது. சிறிய நிலத்தை வைத்திருப்பவருக்கு இவை இரண்டும் ஒரே தொழில். இரண்டிலும் கை தேர வேண்டியதும் ஒன்றுதான்: அளந்து செய்வது.

முதலில் பாத்தி.

பாரிஸ் நகரைச் சுற்றிக் குதிரைச் சாணத்தின் சூட்டில் குளிர்காலத்திலும் கீரை விளைவித்த தோட்டக்காரர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நெருக்கச் சாகுபடியின் ஒரு கிளை, ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயர் மூலம் 1967-இல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தது. ஆழக் கொத்தி மேடாக்கிய பாத்தி, நெருங்கிய நடவு, மிதிபடாத மண் என்பது அவர் வழி. அவரைப் பின்பற்றிய ஜான் ஜீவன்ஸ் 1974-இல் அதை ஒரு கையேடாக்கினார்.

ஆனால் சாதாரணப் புறநகர் வீட்டுக்காரரைப் பாத்திப் பக்கம் இழுத்தவர் மெல் பார்தலோமியூ. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1970-களின் நடுவில் நியூயார்க்கின் லாங் தீவில் ஒரு சமூகத் தோட்டத்தைக் கவனித்தபோது அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எல்லோரும் நீள வரிசைகளில் நடுகிறார்கள். வரிசைக்கு வரிசை மூன்றடி இடைவெளி விடுகிறார்கள். பிறகு அந்த இடைவெளியில் முளைக்கும் களையைக் கோடை முழுவதும் பிடுங்கி மாய்கிறார்கள். வரிசையும் இடைவெளியும் குதிரையும் டிராக்டரும் போய்வருவதற்காக ஏற்பட்டவை. கொல்லையில் அவற்றுக்கு என்ன வேலை?

அவர் கண்ட விடை, நாலடிக்கு நாலடி சதுரப் பெட்டி. நாலடி என்பது கையின் அளவு. எந்தப் பக்கம் நின்றாலும் நடுப்பகுதி இரண்டடிக்குள் எட்டிவிடும், உள்ளே கால் வைக்க வேண்டியதே இல்லை. பெட்டியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் வைத்தால் ஓரடிச் சதுரங்கள் பதினாறு. ஒரு சதுரத்தில் முள்ளங்கியோ கேரட்டோ என்றால் பதினாறு விதை, குத்துபீன்ஸ் ஒன்பது, லெட்டூஸ் கீரை நான்கு, தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ் என்றால் ஒன்றே ஒன்று. 1981-இல் வந்த அவரது புத்தகமும் பிறகு பொதுத் தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சியும் இந்தக் கணக்கை வீடுகளுக்குள் கொண்டுபோயின. 2005-இல் எழுதிய புதிய பதிப்பில், தோண்டும் வேலையையே அவர் விட்டுவிட்டார். மட்கு உரம், பீட் மாஸ், வெர்மிகுலைட் மூன்றும் சம பங்கு கலந்து ஆறங்குல உயரத்துக்குப் பெட்டியை நிரப்பினால் போதும் என்றார். நாலடிப் பெட்டிக்கு எட்டு கன அடி கலவை பிடிக்கும். ஈரச் சதுப்பு நிலங்களை வெட்டித்தான் பீட் மாஸ் எடுக்கிறார்கள் என்பதால், அதற்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவைத் தேடுவோர் பெருகிவருகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தொழிற்கூடங்களிலிருந்து கட்டியாக அழுத்திக் கப்பலேறும் நார்க்கழிவு, இப்படித்தான் அயல்நாட்டுத் தோட்டப் பாத்திகளில் போய்ச் சேர்கிறது.

உயர்த்திய பாத்திக்கு வேறு நியாயங்களும் உண்டு. பனி உருகும் இளவேனிலில் மேட்டு மண் சீக்கிரம் வெதுவெதுப்பாகும், நீர் தேங்காது. பாஸ்டன், டெட்ராய்ட் போன்ற பழைய நகரங்களில் இன்னொரு காரணம், ஈயம். அமெரிக்க வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்டுக்கு 1978-இல்தான் தடை வந்தது. சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் முற்றிலும் நின்றது 1996-இல். அந்தக் காலத்து ஈயம் கொல்லை மண்ணிலேயே தங்கியிருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில், பழைய மண்மேல் தடுப்புத் துணி விரித்து, புது மண் கொட்டிப் பாத்தி கட்டுவது அவர்களின் உடல்நலத்துக்கான ஏற்பாடு. பலகையிலும் கவனம் தேவை. ஆர்சனிக் சேர்ந்த மருந்தில் ஊறிய மரம் 2003-ஆம் ஆண்டு இறுதி வரை அங்கே வீட்டு உபயோகத்துக்கு விற்பனையானது. பழைய தளங்களைப் பிரித்தெடுத்த பலகையைக் கீரைப் பாத்திக்குப் பயன்படுத்தக் கூடாது. சீடார் மரம் மருந்தில்லாமலேயே பல ஆண்டு தாங்கும்.

இப்படி அளந்து நட்ட பாத்தி, நன்றாக விளையும்போதுதான் வீட்டாரைத் திணறடிக்கும். மின்னசோட்டா போன்ற வட மாநிலங்களில் உறைபனிக்குப் பயந்து மே மாதத்தில்தான் தக்காளி நாற்றை வெளியே வைக்க முடியும். அக்டோபர் பிறந்தால் மறுபடி உறைபனி. ஆக, பழுக்க வேண்டியதெல்லாம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒன்றாகப் பழுக்கும். அடைப்பதற்கென்றே நடுகிறவர்கள் இந்த நெருக்கடியை வேண்டி வரவழைக்கிறார்கள். ரோமா போன்ற சதைப்பற்றான தக்காளி ஒரு அளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சில வாரங்களுக்குள் மொத்தக் காயையும் தந்துவிடும். ஒரு குவார்ட் ஜாடிக்கு, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவுக்கு, சுமார் மூன்று பவுண்டு பழம் வேண்டும். ஏழு ஜாடி நிரம்பப் பத்து கிலோ. ஒரே நாளில் பத்து கிலோ கையில் இருந்தால்தான் அடுப்பு மூட்டுவதில் பொருள் உண்டு.

இனி ஜாடி.

உணவைப் புட்டியில் அடைத்து மூடிச் சூடேற்றினால் கெடாது என்று கண்டவர் பிரெஞ்சு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர். 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசளித்தது. ஏன் கெடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. அதை விளக்க லூயி பாஸ்டர் வர வேண்டியிருந்தது. 1858 நவம்பர் 30-இல் ஜான் லாண்டிஸ் மேசன் என்ற தகரத் தொழிலாளி, கழுத்தில் திருகு வரியோடு வார்த்த கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அந்த ஜாடி அவர் பெயரில்தான் விற்கிறது. அவரோ ஏழையாக இறந்தார். காப்புரிமை காலாவதியான பின் ஜாடித் தொழிலில் இறங்கிய பால் சகோதரர்கள் ஐவர், இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்த இந்தியானா மாநிலத்தின் மன்சி நகருக்கு 1880-களில் தொழிற்சாலையை மாற்றிப் பெரிதாக வளர்ந்தார்கள். 1915-இல் அலெக்சாண்டர் கெர் கொண்டுவந்த இரண்டு துண்டு மூடி, தட்டையான ஒரு தகடும் அதை அழுத்திப் பிடிக்கும் வளையமுமாக, அந்த அமைப்பைப் பூர்த்தி செய்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பாத்தியும் ஜாடியும் மீண்டும் கைகோத்தன. 1943-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு கோடி வெற்றித் தோட்டங்கள் இருந்ததாகக் கணக்கு. அதிபரின் மனைவி எலினார் ரூசவெல்ட் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே பாத்தி போடச் செய்தார். சர்க்கரை ரேஷன் நடந்த காலத்திலும் பழம் அடைப்பவர்களுக்குக் கூடுதல் சர்க்கரை ஒதுக்கப்பட்டது. ஊருக்கு ஊர் பொது அடைப்புக் கூடங்கள் இயங்கின. எழுபது, எண்பது ஆண்டு கழித்து 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது கொல்லைத் தோட்டங்கள் மறுபடி பெருகின. அந்த ஆண்டு அறுவடைக் காலத்தில் கடைகளில் ஜாடி மூடிக்குத் தட்டுப்பாடு வந்தது.

தக்காளி அடைக்கும் முறை கடினமானதல்ல. கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கித் தோலை உரித்து, நசுக்கி, கொதிக்க வைத்துச் சூடான ஜாடியில் ஊற்ற வேண்டும். மேலே அரை அங்குலம் வெற்றிடம். விளிம்பைத் துடைத்து மூடி வைத்து, ஜாடி முழுகும் கொதிநீரில் 45 நிமிடம். எடுத்து வைத்த ஜாடிகள் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கும். தகடு ‘டிங்’ என்ற சத்தத்தோடு உள்வாங்கும். ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சத்தத்தை எண்ணுவது அடைக்கும் வீடுகளில் ஒரு சந்தோஷம்.

இதில் எலுமிச்சைச் சாறு சேர்ப்பதைத்தான் யாரும் விட்டுவிடக் கூடாது. குவார்ட் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி. அதுவும் கடையில் விற்கும் புட்டிச் சாறு. அதன் புளிப்பு ஒரே அளவில் இருக்கும், பழத்துக்குப் பழம் மாறாது. இந்த இரண்டு கரண்டிக்குப் பின்னால் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது.

மண்ணில் எங்கும் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா, காலம் சரியில்லாதபோது ஸ்போர் என்ற உறங்கு வித்தாகச் சுருண்டுகொள்ளும். காற்றில்லாத இடம், அறை வெப்பம், குறைந்த புளிப்பு மூன்றும் சேர்ந்தால் விழித்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மூடிய ஜாடி அதற்கு வாய்த்த வீடு. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் கொதிநீர் போதுமென்பது அதனால்தான். தக்காளியோ அந்தக் கோட்டின் இரு பக்கமும் நிற்கும் பழம். வகைக்கு வகை, பழுக்கும் பதத்துக்குப் பதம் மாறும். பீன்ஸ், கேரட், பீட்ரூட், சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் கோட்டுக்கு மேலே. அவற்றுக்கு 100 டிகிரி போதாது, 116 டிகிரியாவது வேண்டும். அந்தச் சூட்டை அழுத்தக் கலத்தில்தான் எட்ட முடியும். குவார்ட் ஜாடி பீன்ஸுக்கு 10 பவுண்டு அழுத்தத்தில் 25 நிமிடம்.

2015 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தின் லான்காஸ்டர் நகரில் ஒரு தேவாலய விருந்து. 77 பேர் உண்டார்கள். 29 பேருக்குப் பொட்டுலிசம். ஒரு பெண் இறந்தார். இமை சரிவது, இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, பிறகு மூச்சுத் தசைகள் செயலிழப்பது இந்த நோயின் வரிசை. விசாரணை காட்டியது உருளைக்கிழங்கு சாலட்டை. அதிலிருந்த கிழங்கு வீட்டில் அடைத்தது. அழுத்தக் கலத்தில் அல்ல, கொதிநீரில். அன்போடு சமைத்துக் கொண்டுவந்த பண்டம். கெட்ட வாடையோ நுரையோ கட்டாயம் இருக்கும் என்று நம்புவதற்கும் இல்லை. இந்த நஞ்சு பெரும்பாலும் சுவையிலும் மணத்திலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

“எங்கள் பாட்டி நாற்பது ஆண்டு இப்படித்தான் செய்தார், ஒன்றும் ஆகவில்லை” என்பது அங்கேயும் கேட்கிற பேச்சு. பாட்டியின் கையை மதிக்கலாம். நேரக் கணக்கைச் சோதனைக்கூடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை 1988 முதல் வெளியிட்டுவரும் அடைப்புக் கையேட்டில் ஒவ்வொரு காய்க்கும் ஜாடி அளவுக்கும் கடல் மட்டத்திலிருந்து இருக்கும் உயரத்துக்கும் தனித்தனி நிமிடக் கணக்கு இருக்கிறது. ஊர் உயர உயரக் கொதிநிலை இறங்கும் என்பதே காரணம். ஒரு மைல் உயரத்து டென்வரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே அதே தக்காளி ஜாடிக்கு 45 அல்ல, 55 நிமிடம். நம் உதகையில் கொதிநிலை 93 டிகிரிக்கு அருகில்.

நம் வீட்டுச் சின்ன பிரஷர் குக்கரில் முயலலாமா என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு எழும். கூடாது. நான்கு குவார்ட் ஜாடியாவது நிற்கிற கலத்தில்தான் அந்த நிமிடங்கள் சோதிக்கப்பட்டன. சிறிய குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடுவதால் ஜாடியின் நடுப்பகுதிக்குப் போதிய வெப்பம் சேராது. சாம்பார், கூட்டு, பருப்பு போன்றவற்றுக்குச் சோதித்த கணக்கு அந்தக் கையேட்டில் இல்லை. அவற்றை உறைபெட்டியில் வைப்பதே நல்லது.

ஆறிய ஜாடியின் வளையத்தைக் கழற்றிவிட்டு, தேதி எழுதி, வெயில் படாத, 10 முதல் 21 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் அடுக்க வேண்டும். வளையம் இல்லாவிட்டால், எங்காவது பிடி விட்டிருந்தால் உடனே தெரியும். உப்பிய மூடி, கசிந்த ஜாடி எதையும் ருசி பார்க்கவே கூடாது. ஓராண்டுக்குள் தீர்த்துவிட வேண்டும். கடிகார முகம் கொண்ட அழுத்தமானியை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். பல மாவட்ட விரிவாக்க அலுவலகங்கள் இதை இன்றும் செய்து தருகின்றன. காலியான ஜாடி விளிம்பு உடையாதவரை திரும்பத் திரும்ப உதவும். தகடு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது.

அடுத்த வாரம் பாத்தியின் இன்னொரு அறுவடைக்குப் போகலாம்: விதை. 1975-இல் தொடங்கிய விதைப் பரிமாற்றக் கூட்டமைப்பு ஒன்று, அயோவா மாநிலத்தின் டெகோரா நகருக்கு அருகே பழைய தக்காளி, பீன்ஸ் வகைகளைத் தொடர்ந்து விளைவித்துக் காத்துவரும் பண்ணையைப் பார்ப்போம்.

(தொடரும்)