கன்னத்தில் விழுந்த அடியும் நமது கைதட்டலும்

சென்ற ஆண்டு நமது பங்கின் பாதுகாவலர் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு, நற்கருணை ஆசீர் முடிந்தபின் இளைஞர் மன்றத்தார் ஒரு சமூக நாடகம் நடத்தினர். முதல் வரிசையில், பங்குப் பேரவையினர் நடுவே நமக்கும் ஓர் இருக்கை போடப்பட்டிருந்தது. கதை யாவரும் நன்கறிந்த கதைதான். பட்டணத்தில் படித்த பெண் ஒருத்தி. கையில் வேலை, வாயில் ஆங்கிலம், மாமியாரிடம் மரியாதைக் குறைவு. நெடுநேரம் பொறுத்துப் பார்த்த கணவன் கடைசிக் காட்சியில் அவள் கன்னத்தில் ஓங்கி அடிக்கிறான். அவள் தாலியைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அவன் காலில் விழுகிறாள். பந்தலே அதிர்ந்தது. தாய்மார் அமர்ந்திருந்த பகுதியிலிருந்து எழுந்த கரவொலியே எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். நாமும் கைதட்டினோம். மேடையேறி, குடும்பங்களுக்கு ஏற்ற நல்ல படிப்பினை என்று இரண்டு வார்த்தை பேசி, கேடயமும் வழங்கி இறங்கினோம்.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப்பின், நமது பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி குருமனை வாசலில் காத்திருந்தாள்.

“சாமி, நேற்று அந்த அடி விழுந்தபோது நீங்களும் கைதட்டினீர்களே, அது நடித்தவருக்கா, அடிக்கா?”

“நாடகந்தானே அம்மா” என்றோம்.

“எங்கள் தெருவில் அது நாடகமில்லை, சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வகுப்பிற்குப் போய்விட்டாள். அன்று பகல் முழுவதும் நமக்கு வேலை ஓடவில்லை.

நாடகத்தை எழுதிய இளைஞரைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவர் எதையும் புதிதாகக் கற்பனை செய்துவிடவில்லை. அரை நூற்றாண்டாகத் திரையில் ஓடிய கதையைத்தான் நமது பந்தலுக்குக் கொண்டுவந்தார். 1972இல் வெளிவந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ படத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பி. மாதவன் இயக்கம், சிவாஜி கணேசனும் ஜெயலலிதாவும் நடித்தது. இலண்டனில் படித்துத் திரும்பிய செல்வமகளை நாட்டுப்புறக் கணவன் அடித்துத் திருத்த முயல்கிறான்; முடிவில் பணிந்துபோகிறவள் அவளே. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1992இல், பி. வாசுவின் ‘மன்னன்’ வந்தது. அதில் விஜயசாந்தி ஏற்ற பாத்திரம் ஒரு பெரிய தொழிற்சாலையையே கட்டியாளும் பெண். கதை முடியும்போது அவள் இல்லத்தரசியாக வீட்டில் நிற்க, கணவன் வேலைக்குப் புறப்படுகிறான். ஆலையை அவள் எப்படி நடத்தினாள் என்பதைப் பற்றி அதன்பின் யாருக்கும் கவலையில்லை. 1999இல் ‘படையப்பா’. வெளிநாட்டில் படித்துவந்த நீலாம்பரி தன் விருப்பத்தைத் தானே வாய்திறந்து சொல்கிறாள். வீட்டு வேலை செய்யும் வசுந்தராவோ நிலம் நோக்கி நிற்கிறாள். மாலை யாருக்கு, அழிவு யாருக்கு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

(ஒரு குருவானவருக்கு இவையெல்லாம் எப்படித் தெரியும் என்று சிலர் புருவம் உயர்த்தலாம். ‘மன்னன்’ படத்தைக் குருமட விடுமுறையில் தம்பியருடன் பார்த்தோம். மற்றவற்றைத் தொலைக்காட்சி வீடுதேடி வந்து பலமுறை காட்டிவிட்டது.)

நடித்தவர்களின் திறமையை நாம் மறுக்கவில்லை. நீலாம்பரியாக ரம்யா கிருஷ்ணன் நடித்ததை மக்கள் இன்றும் பேசுகின்றனர். நாம் சுட்டுவது கதையின் வாய்பாட்டை. படிப்பு, வேலை, பணம், சொந்த விருப்பம் என்ற நான்கும் ஆணிடம் இருந்தால் தகுதி. பெண்ணிடம் இருந்தால் திமிர். திமிர் என்று பெயரிட்டபின் அதை அடக்குவது வீரமாகிவிடுகிறது அன்றோ?

இந்த வாய்பாடு திரையோடு நின்றுவிடுவதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், கணவன் மனைவியை அடிப்பதற்குத் தக்க காரணம் உண்டா என்று ஏழு காரணங்களைக் கூறிக் கேட்டனர். அவற்றுள் ஒன்றையேனும் ஏற்றுக்கொண்ட பெண்கள் இந்நாட்டில் 45 விழுக்காடு. ஆண்கள் 44 விழுக்காடு. பெண்கள் மிகுதியாக ஒப்புக்கொண்ட காரணம் எது தெரியுமா? மாமனார் மாமியாருக்கு மரியாதை கொடுக்காமை. நமது நாடகத்தின் கதையும் அதுவேதான். தாய்மார் பகுதியிலிருந்து அவ்வளவு கரவொலி எழுந்ததன் பொருள் இதைப் படித்தபோதுதான் நமக்கு விளங்கிற்று.

நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில், பெண்ணைக் கேவலப்படுத்துதல் என்றாலே சுவரொட்டிகள்தாம் நினைவுக்கு வரும். விடுமுறையில் ஊர் இளைஞரைச் சேர்த்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்து ஆபாசச் சுவரொட்டிகள்மேல் தார் பூசியிருக்கிறோம். அது தவறென்று இன்றும் எண்ணவில்லை. நாடாளுமன்றமும் 1986இல் பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடைசெய்து ஒரு சட்டம் இயற்றிற்று. ஆபாசம் மட்டுமன்று, பெண்ணைத் தாழ்த்திக் காட்டுவதும் இழிவே என்கிறது அதன் வரையறை. ஆயினும் தணிக்கைச் சட்டத்திற்கு உட்பட்ட திரைப்படங்களுக்கு அதில் விலக்களிக்கப்பட்டது.

நாம் தார் பூசிய சுவரொட்டிகளில் பெண்ணுக்கு உடை குறைவாக இருந்தது. நமது பந்தல் மேடையில் நின்றவளோ பட்டுச்சேலை உடுத்தி, மல்லிகை சூடி, கழுத்தில் தாலியும் அணிந்திருந்தாள். ஆகவே அங்கே கேவலம் எதுவும் நடப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கண்ணால் மேய்வதற்குரிய பண்டமாக ஒருத்தியைக் காட்டுவதும், கையால் அடித்து வழிக்குக் கொண்டுவரத்தக்க பண்டமாகக் காட்டுவதும் ஒன்றே என்பதை ஓர் இளம்பெண் வந்து கேட்கும்வரை நாம் உணரவில்லை. முன்னதைக் கண்டு முகம் சுளித்த நாமே பின்னதற்குக் கேடயம் கொடுத்தோம்.

திரைத்துறை இப்படித்தான் பிறந்ததோ எனில், அதுவுமில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே எழுதி இயக்கினார். பேசும்படம் தோன்றி ஐந்தே ஆண்டுகளில் ஒரு பெண் இயக்குநர் இருக்கையில் அமர்ந்துவிட்டார். அதற்குப் பின்வந்த நீண்ட காலத்தில் அவ்விருக்கையில் பெண்கள் மிகச் சிலரே அமர்ந்தனர். கதையை எவர் சொல்கிறாரோ அவருடைய கண்தானே கதையின் கண்?

விளம்பரங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்றிருந்தோம். துணி வெளுப்பவளும் பாத்திரம் துலக்குபவளும் பெண். எந்தச் சோப்பு நல்லதென்று பின்னணியில் அறிவுரை கூறுவது ஆண்குரல். இதை எல்லாரும் கண்டிருக்கிறோம். 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு, நிறம் வெளுத்தால் வேலையும் மணமும் கைகூடும் என்று மூன்று தலைமுறைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. உலகெங்கும் கண்டனம் வலுத்தபின் 2020இல் அது தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொண்டது. ஆனால் கத்தோலிக்க இதழ்களில் வரும் மணமக்கள் தேவைப் பகுதியைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். ‘சிவந்த நிறமுள்ள’, ‘அடக்கமான’, ‘வீட்டோடு இருக்கக்கூடிய’ மணமகள் தேவை என்று இன்றும் காண்கிறோம். மணமகனின் நிறம் கேட்டு எவரும் விளம்பரம் செய்யக் காணோம். வணிகன் பெயரையாவது மாற்றினான்.

நமது பங்கையும் சொல்ல வேண்டும். திருமண மறையுரைகளில் பொறுமை, விட்டுக்கொடுத்தல், நாவடக்கம் ஆகியவற்றை மணமகளின் முகத்தைப் பார்த்தே சொல்லி வந்திருக்கிறோம். மணமகனிடம் பொறுப்பாக உழைக்கச் சொல்லி முடித்துவிடுவோம். மணமக்களுக்கான தயாரிப்பின்போது, ஒரு செவிலிப்பெண்ணை வேலையை விடச்சொல்லி மாப்பிள்ளை வீட்டார் நம் முன்னிலையிலேயே கேட்டனர். அவள் தலைகுனிந்து சரியென்றாள். குடும்ப அமைதிக்கு நல்லதென்று நாமும் தலையசைத்தோம். அவளுடைய விருப்பம் என்னவென்று அந்த அறையில் எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

இவ்வாண்டுத் திருவிழாவிற்கு இளைஞர் மன்றத்தார் நாடகப் பிரதியைச் சென்ற மாதமே கொண்டுவந்து கொடுத்தனர். பாத்திரங்களின் பெயர்கள் மாறியிருந்தன, அடி மாறவில்லை. அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தோம். மன்றத் தலைவர் தலையைச் சொறிந்தார்.

“அதை எடுத்துவிட்டால் நாடகத்தை எப்படி முடிப்பது, சாமி?”

நேர்மையான கேள்வி. நமக்கும் உடனே விடை தோன்றவில்லை. மறைக்கல்வி ஆசிரியையான அந்த மாணவியிடம் பிரதியைக் கொடுக்கச் சொன்னோம். முதலில் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். ஒத்திகை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவள் முதற்காட்சியிலிருந்தே மாற்றி எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.