மலைக்கு அந்தப் பக்கம் வந்த நேரு கோப்பை

குற்றால சீசனில், சாரல் விட்டு விட்டு அடிக்கும் சாயங்காலங்களில் தென்காசிப் பக்கத்து மைதானங்களைப் பாருங்கள். ஈரத் தரையில் பந்து சறுக்குகிறது. முழங்கால் வரை சேறு. பையன்கள் நிறுத்துவதாக இல்லை. முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ. இந்திய அணியின் சேத்ரி பேர் போட்ட சட்டை கண்ணில் படவே இல்லை. இவர்களுக்கு உலகக் கால்பந்து என்றால் செல்போன்தான்.

இவர்களுடைய அப்பாக்களுக்கு அது மலைக்கு அந்தப் பக்கம் வரை வந்தது. 1986லும் 1991லும் நேரு கோப்பை நடந்தது திருவனந்தபுரத்தில். புளியரை, ஆரியங்காவு வழியாக மலையேறி இறங்கினால், சோவியத் யூனியனின் ஆட்டத்தை நேரில் பார்த்துவிடலாம். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த ஊர்தானே! 1986 இறுதியாட்டத்தில் சோவியத் அணி சீனாவை 1-0 என்று வென்றது; 1985 முதல் 1988 வரை கோப்பை அவர்களிடமே இருந்தது.

1982ல் கல்கத்தாவில் தொடங்கிய அழைப்புப் போட்டி இது. உலகக் கோப்பைத் தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. பிற்பாடு ஜிடேன் தன் மகனுக்கே பெயரை எடுத்து வைத்த என்சோ பிரான்செஸ்கோலி, உருகுவேக்காக முதன்முதலில் களமிறங்கியது அந்தக் கல்கத்தா போட்டியில்தான். 1984ல் பிலார்தோவின் அர்ஜென்டினா வந்தது. இரண்டே வருடத்தில் உலகக் கோப்பையைத் தூக்கப்போகிற பயிற்சியாளர் அவர். இந்தியா ஒரே கோலில் தோற்றது. அதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கொச்சி, கோழிக்கோடு, சிலிகுரி, மட்காவ் எல்லாம் நடத்தின. தமிழ்நாட்டுக்கு வந்தது ஒரே முறை, 1993ல், சென்னைக்கு. 2007, 2009, 2012 மூன்றும் டெல்லியில். மூன்றிலும் இந்தியாவுக்கே கோப்பை. 2018ல் அதன் இடத்தில் வந்த இன்டர்கான்டினென்டல் கோப்பை மும்பையில் நடந்தபோது, முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். மைதானத்துக்கு வாருங்கள் என்று சேத்ரி வீடியோவில் கெஞ்ச வேண்டியிருந்தது. அவருடைய நூறாவது ஆட்டத்துக்கு அரங்கு நிரம்பியது.

பெருநகரத்தில் கூட்டத்தைக் கெஞ்சி அழைப்பானேன்? சிலிகுரி தாங்கிய போட்டியைப் பாளையங்கோட்டை தாங்காதா? மும்பையில் ஆடியவை நான்கே அணிகள், மொத்தம் பத்தே நாட்கள். அணிகள் தங்கக் குற்றாலத்தில் விடுதிகளுக்கா பஞ்சம்? கால்பந்துச் சம்மேளனம் அடுத்த முறை இடம் தேடும்போது, தமிழக அரசு முந்திக்கொண்டு தெற்கத்திச் சீமைக்காகக் கேட்க வேண்டும்.