குறைந்த விலையில் நல்ல இயர்போன்

சட்டைப்பையில் அடங்கும் சிறிய இசைக்கருவி ஒன்றை வைத்திருப்போர், அக்கருவி பழுதடையுமுன்னரே அதனோடு வந்த இயர்போன் பழுதடைவதைக் கண்டிருப்பர். கருவியோ நன்றாக இயங்குகின்றது. ஆனால் ஒரு காதில் மாத்திரமே பாட்டுக் கேட்கின்றது, அல்லது வயரை அசைத்தாலன்றி ஒலி வருவதில்லை. அந்நிலையிற் கடைக்குச் சென்று, கண்ணிற் பட்ட ஒன்றை வாங்கி வருவதே பெரும்பாலார் வழக்கம். சில மாதங்களில் அதுவும் பழுதடைய, மீண்டும் கடைக்குச் செல்கின்றனர். பணம் சிறிது சிறிதாக வீணாவது ஒருபுறமிருக்க, பொருத்தமற்ற இயர்போன் செவிக்கே தீங்கு விளைத்தலுங் கூடும். ஆதலின், குறைந்த விலையில் நல்லதொன்றைத் தெரிந்தெடுக்கும் முறையை இன்று சற்று விரிவாக நோக்குவோம்.

முதற்கண், குற்றம் எங்கேயுள்ளது என்பதைத் துணிதல் வேண்டும். வேறொருவரின் இயர்போனை வாங்கி நம் கருவியிற் செருகிப் பார்க்க. நம் இயர்போனை வேறொரு கருவியிற் செருகிப் பார்க்க. இவ்விரு சோதனைகளால் உண்மை விளங்கிவிடும். இரண்டாவது இயர்போனும் நம் கருவியிற் சரியாகப் பேசவில்லையெனின், குற்றம் கருவியின் துளையிலேயே உள்ளது. சட்டைப்பையிலிருந்து சேர்ந்த பஞ்சும் தூசியும் துளையின் அடியில் இறுகி, செருகி முழுதும் உட்செல்லாதவாறு தடுத்தல் உண்டு. கருவியை நிறுத்திவிட்டு, உலர்ந்த மரக்குச்சியொன்றால் அதனை மெல்ல நீக்கினாற் போதும். இதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.

குற்றம் இயர்போனிலேதான் என்று தெளிந்தபின், அடுத்து நோக்கத்தக்கது செருகி. 1979ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் வோக்மன் என்னுங் கருவியை வெளியிட்டது. 2001இல் அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் ஐபொட் கருவியை வெளியிட்டது. ஐபொட் உற்பத்தி 2022இல் நிறுத்தப்பட்டதாயினும், இன்றும் பலர் கையில் அவை இயங்கிக்கொண்டிருக்கின்றன. இவ்விரண்டுக்கும் பொதுவாயமைந்தது 3.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள செருகியாகும். திரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளின் காலத்திலேயே வழக்கிற்கு வந்த இவ்வளவு இன்றும் நிலைத்திருப்பதனாலேதான், ஒரு நிறுவனத்தின் கருவிக்கு மற்றொரு நிறுவனத்தின் இயர்போனை வாங்கிப் பொருத்த முடிகின்றது.

எனினும் எல்லாச் செருகிகளும் ஒன்றல்ல. செருகியின் உலோகப் பகுதியை உற்று நோக்கின், கறுப்பு வளையங்கள் அதனைப் பல பகுதிகளாகப் பிரிப்பதைக் காணலாம். இரண்டு வளையங்கள் இருப்பின் மூன்று பகுதிகள்: இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவான மீள்வழி ஒன்று. மூன்று வளையங்கள் இருப்பின், நான்காவது பகுதி தொலைபேசியிற் பேசுதற்குரிய ஒலிவாங்கிக்கு உரியது. இந்நான்கு பகுதிகளை அடுக்கும் முறை இருவகைப்படும். ஒரு வகைக்குரிய இயர்போனை மறுவகைக் கருவியிற் செருகினால், வாத்தியங்கள் ஒலிக்கப் பாடுவோரின் குரல் மாத்திரம் தொலைவிற் சென்று மறைந்தது போலக் கேட்கும். பொதுவான மீள்வழி அறுந்துபோக, இரு காதுகளுக்கும் பொதுவாயுள்ள ஒலி நீங்கிவிடுவதே இதற்குக் காரணம். பாட்டுக் கேட்பதொன்றே நோக்கமாயின், மூன்று பகுதிச் செருகியுள்ள இயர்போனே போதும், அதுவே சிக்கலற்றது.

இதற்கு விலக்கும் உண்டு. 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஐபொட் ஷஃபிள் கருவியில், ஒலியைக் கூட்டவுங் குறைக்கவும் உரிய பொத்தான்கள் கருவியில் இல்லை. இயர்போன் வயரிலேயே இருந்தன. அதற்குச் சாதாரண இயர்போன் பொருத்தினால் பாட்டு வரும். ஆனால் அதனை ஆளும் வழி இல்லாதொழியும். விலையுயர்ந்த சில இசைக்கருவிகளில் 2.5, 4.4 மில்லிமீற்றர்த் துளைகளும் உள. ஆகவே கடைக்குச் செல்லுங்கால் கருவியையும் பழைய இயர்போனையும் உடன்கொண்டு செல்வதே அறிவுடைமை.

இனி, இயர்போன் ஒலியெழுப்பும் விதத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். அதனுள்ளே ஒரு சிறு காந்தமும், மெல்லிய கம்பிச் சுருளும், அச்சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வும் இருக்கின்றன. கருவியிலிருந்து வரும் மின்னோட்டம் சுருளிற் பாயுங்கால், காந்தம் அதனை முன்னும் பின்னும் அசைக்கின்றது; சவ்வு அதிர்ந்து காற்றை அதிர்விக்கின்றது. மின்னோட்டத்துக்கு இவ்வமைப்புக் காட்டும் தடை ஓம் என்னும் அலகிற் கூறப்படும். சட்டைப்பைக் கருவிகளுக்கு 16 அல்லது 32 ஓம் கொண்ட இயர்போன்களே ஏற்றவை. ஒலிப்பதிவு நிலையங்களுக்கென ஆக்கப்பட்ட 300 ஓம் கருவியொன்றை அதே மின்னழுத்தத்தில் இணைப்பின், 32 ஓம் இயர்போன் பெறும் வலுவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே அதற்குக் கிட்டும். ஒலி மெலிந்து கேட்கும்.

மற்றொரு எண் உணர்திறன் ஆகும். ஒரு மில்லிவாற்று வலுவுக்கு இத்தனை டெசிபெல் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். அஃது 100 அளவில் இருப்பின் நன்று. 90 டெசிபெல் தரும் இயர்போன் அதே உரப்பை எட்ட, பத்து மடங்கு வலுவை வேண்டும். கருவியின் மின்கலமும் விரைவிற் குறையும். பெட்டியிற் பெரிதாக அச்சிடப்படும் மீடிறன் எல்லையைக் கண்டு மயங்குதல் வேண்டா. மனிதச் செவி கேட்கக்கூடியது 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை. அகவை ஏற ஏற மேலெல்லை குறைந்துகொண்டே வரும். அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட எண்ணுக்காக மேலதிகப் பணம் கொடுப்பதிற் பயனில்லை. சவ்வின் விட்டம் பெரிதாயிருப்பதும் நல்லொலிக்கு உறுதியன்று.

எண்களைவிட முக்கியமானது செவியோடு பொருந்துதல். விலை குறைந்த இயர்போன்கள் பெரும்பாலும் இருவகையின. ஒன்று, காதின் வெளிக்குழியிற் சும்மா தங்குவது. மற்றொன்று, மென்மையான சிலிக்கன் முனையுடன் செவித்துளைக்குள் நுழைந்து அதனை அடைப்பது. முன்னதில் இடைவெளி வழியே ஒலி கசிவதால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற தாழ்ந்த ஒலிகள் வலுவிழக்கும், வெளியிரைச்சலும் உட்புகும். பின்னது இவ்விரண்டையும் தவிர்க்கும். ஆனால் முனை சரியான அளவினதாய் இருத்தல் வேண்டும். சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு முனைகள் உடன் தரப்படும் இயர்போனையே வாங்குக. ஒருவரின் இரு செவிகளுங்கூட அளவில் வேறுபடலாம் என்பதையும் மனத்திற் கொள்க. புதிய இயர்போனில் தாழ்ந்த ஒலி குறைவாகத் தோன்றின், அதனை இகழுமுன் முனையை மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது உறுதி. இயர்போன் முறிவது பெரும்பாலும் இரண்டிடங்களில்: செருகியை வயர் சேருமிடம், காதுப்பகுதியை வயர் சேருமிடம். அவ்விடங்களில் வளைந்து கொடுக்கும் இறப்பர் உறை நீண்டிருக்கின்றதா என்று பார்க்க. சட்டைப்பையில் வைப்போர்க்கு, நேராக நீளும் செருகியைவிட மடிந்த வடிவிலுள்ள செருகி அதிக நாள் உழைக்கும். இன்று மிதமான விலையிலேயே வயரைக் கழற்றி மாற்றத்தக்க இயர்போன்களும் கிடைக்கின்றன. வயர் முறிந்தால் வயரை மாத்திரம் வாங்கினாற் போதும். நெடுநாட் கணக்கிற் பார்த்தால் இவையே சிக்கனமானவை. வயரைக் கருவியின்மேல் இறுகச் சுற்றி வைத்தலும், வயரைப் பிடித்து இழுத்துச் செருகியைக் கழற்றுதலும் எந்த இயர்போனையும் விரைவில் அழிக்கும். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரைப் பொறித்த போலிப் பொருள்களும் சந்தையில் உலவுகின்றன. பெரிய பெயரைத் தாங்கிய பொருள் நம்பவியலாத விலைக்குக் கிடைக்குமாயின் ஐயுறுக. சிறிய பெயரினதாயினும், மாற்றித் தரும் உறுதியுடன் விற்கப்படும் பொருள் அதனினும் மேலானது.

இவ்வளவுங் கூறியதன் பின்னால், எல்லாவற்றினும் மேலானதொன்று எஞ்சியுள்ளது. மாணவரோடு நாள்தோறும் பழகும் ஆசிரியர்க்கு இது தனிக் கவலை தருவது. செவியின் உட்பகுதியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 உள்ளன. அவை மிகையொலியால் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வளர்ந்தோர் 80 டெசிபெல் உரப்பில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம். 90 டெசிபெல் ஆயின், வாரத்துக்கு 4 மணிநேரமே. சிறுவர்க்கு எல்லை இன்னுங் குறைவு. 40 மணிநேரத்துக்கு 75 டெசிபெல்லே தகும். நூறு கோடிக்கு மேற்பட்ட இளையோர் இவ்வழியிற் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனரென அந்நிறுவனம் எச்சரித்துள்ளது.

வெளியிரைச்சலை அடைக்காத இயர்போனுடன் பேருந்திற் செல்லும் மாணவன், இயந்திரத்தின் முழக்கத்தை வெல்லும் பொருட்டு ஒலியை மேலும் மேலும் கூட்டுகின்றான். செவியோடு நன்கு பொருந்திய இயர்போன் அணிந்தவனோ, அதே பாட்டைத் தாழ்ந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கின்றான். சரியான முனையைத் தெரிவதில் நாம் எடுக்கும் சிறு முயற்சி செவிக்குக் காப்பாக அமைவது இவ்வாறே. ஆயினும் வெளியொலியை அடைக்கும் இயர்போனை அணிந்து தெருவில் நடத்தலும் மிதிவண்டி ஓட்டுதலும் ஆகா. பின்னால் வரும் வாகனத்தின் ஒலி செவிக்கு எட்டாது. பல கருவிகளில் ஒலியின் உச்ச அளவை வரையறுக்கும் வசதி உண்டு. பெற்றோர் அதனைப் பிள்ளைகளின் கருவிகளிற் பயன்படுத்துவாராக.

ஆகவே நேயர்களே, கடைக்குச் செல்லுங்கால் முதலிற் செருகியையும், அடுத்து முனைகளின் பொருத்தத்தையும், பின்னர் வயரின் உறுதியையும், ஈற்றில் எண்களையும் நோக்குங்கள். பெயரும் நிறமும் அவற்றுக்குப் பின்னரே வருதல் தகும். இயர்போன் பழுதானால் மற்றொன்று வாங்கலாம். செவி பழுதானால் மாற்றுச் செவி எந்தக் கடையிலும் இல்லை.