பாலம் வந்தால் வியாபாரம் எந்தப் பக்கம் போகும்?

தலைமன்னாரையும் இராமேஸ்வரத்தையும் தரைவழியாக இணைக்கும் பேச்சு இடைக்கிடை எழுந்து அடங்குவது வழக்கம். 2023 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க புதுடில்லி சென்றபோது, இதன் சாத்தியக்கூற்றை ஆராய இரு நாடுகளும் இணங்கின. இது நமக்கு லாபமா, நட்டமா என்பதுதான் வியாபாரிகளின் கேள்வி.

முதலில் உள்நாட்டுப் பாலம் ஒன்றைப் பார்ப்போம். கிண்ணியாவில் முன்பு வாகனங்கள் மிதவைப் பாதையில் ஏறித்தான் களப்பைக் கடந்தன. சவூதி அரேபியாவின் கடனுதவியுடன் கட்டப்பட்ட 396 மீற்றர் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பின் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. மீனும் மரக்கறியும் ஏற்றுகிறவருக்கு நேரம்தான் காசு. இரு கரையிலும் ஒரே நாணயம், ஒரே வரி. ஆகவே பாலம் மிச்சப்படுத்தியது நேரத்தையும் செலவையும்தான்.

நாட்டு எல்லையில் கணக்கு வேறு. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகருக்கும் ஜேர்மனியின் கேல் நகருக்கும் நடுவே ரைன் ஆறு எல்லையாக ஓடுகிறது. அங்கே 1960இல் ஐரோப்பாப் பாலம் திறக்கப்பட்டது. 1995இல் எல்லைச் சோதனை நீங்கியது, 2002இல் இரு பக்கமும் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் வரி ஒன்றாகவில்லை. ஜேர்மனியில் சிகரட் விலை குறைவு என்பதால் பிரான்ஸ்காரர் பாலம் கடந்து போய் வாங்குகிறார்கள். கேல் நகரில் புகையிலைக் கடைகள் பெருகின. மறுகரைக் கடைக்காரருக்கு நட்டம். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லையில் கட்டுப்பாடு வந்தபோது, பாலம் இருந்தபடியே இருக்க, அந்த வாடிக்கையாளர்கள் வரமுடியாமல் போயினர்.

விளங்குவது இதுதான்: பாலம் தூரத்தைக் குறைக்கும், சரக்கு எந்தப் பக்கம் ஓடும் என்பதை வரியும் விலையும் சட்டமும்தான் தீர்மானிக்கும்.

நமக்கும் இந்தியாவுக்கும் நாணயம் வேறு, வரி வேறு. 2000ஆம் ஆண்டு முதல் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறையில் இருந்தாலும் எல்லாப் பொருளுக்கும் சலுகை இல்லை. நாளை பாதை திறந்தால் மருதமுனைக் கைத்தறிச் சாரனும் அம்பாறை மாவட்டத்து அரிசியும் இந்தியச் சரக்கோடு நேருக்கு நேர் நிற்கவேண்டி வரும். மறுபக்கம், மூலப்பொருளாகிய நூலைக் குறைந்த செலவில் இறக்கவும் வாய்ப்புண்டு. ஒரே பாதை தறிக்காரருக்கு நூலையும் கொண்டுவரும், போட்டியையும் கொண்டுவரும்.

ஆகவே நமது வர்த்தக சங்கங்கள் 'பாலம் வேண்டும்', 'வேண்டாம்' என்று பிரிந்து நிற்பதில் பயனில்லை. மூன்று விடயங்களை இப்போதே கேட்க வேண்டும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை? தரப் பரிசோதனை எங்கே, எத்தனை நாளில்? எந்த நாட்டு லொறி எதுவரை வரலாம்? லொறியை எல்லையில் நிறுத்திச் சரக்கை மாற்றி ஏற்றினால் கூலி இரட்டிப்பாகும். மற்ற நாட்டு லொறி கடை வாசல் வரை வந்தால் நமது லொறிக்காரரின் தொழில் போகும்.

கொங்கிரீட் போடுவதற்கு முன்பே இவற்றுக்குப் பதில் எழுத்தில் வரவேண்டும். போட்ட பிறகு கேட்டால் கேட்பாரில்லை.